ஆறாம் கட்டம்

பதிவேட்டில் ஆறாம் கட்டம்: பயன்.
ஐந்து வரை நிரப்பிவிட்டேன்.
பொருள், துளைக்கல். எண்ணிக்கை, பன்னிரண்டு.
கிடைத்த இடம், ஒடுகத்தூருக்கு மேற்கே ஒரு கடலைக் கொல்லை.
கொடுத்தவர், கோ. பச்சையம்மாள்.
எடை, காய்கறித் தராசில் போட்டது.
ஆறில் பேனா நிற்கிறது,
பாலாற்றுப் பாலத்தில் லாரி நிற்பதுபோல்.

கோட்டைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம்.
மேசைமேல் கற்கள், நடுவில் ஓட்டையோடு,
கருகிய வடைகள் மாதிரி.
சொல்லிச் சிரித்தேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

"தோண்டுகோலுக்குப் பாரம்" என்றார் அதிகாரி நிலோஃபர்.
குடைக்கம்பை ஓட்டையில் செருகி
தரையைக் குத்திக் காட்டினார்.
சிமெண்ட் தரை. நிரூபணம் நழுவி
என் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"கதாயுதம். மண்டை பிளப்பது."
இது நிலவியல் பேராசிரியர் தேவசகாயம்,
ஓய்வு பெற்றும் வகுப்பை முடிக்காதவர்.
அகழியில் தூண்டில் போடும் காவலாளி முனிரத்தினத்துக்கு
அது வலைக்குண்டுதான், வேறென்ன.
கற்களை ஏற்றிவந்த வேன் டிரைவர் தஸ்தகீர்
பேர்ணாம்பட்டுத் தோல் ஷெட்டில் பதினாறு வருஷம் இருந்தவர்:
"ஈரத் தோல் சுருங்காம இருக்க
ஓரத்துல கட்டித் தொங்கவிடுவாங்க சார்."

கோல் எங்கே? மக்கிவிட்டது.
பிடி எங்கே? மக்கிவிட்டது.
வலை? தோல்? கட்டிய கயிறு?
மக்கிப்போனதுதான்
எல்லாக் கட்சிக்கும் ஒரே சாட்சி.

பன்னிரண்டாவதை அதுவரை யாரும்
திருப்பிப் பார்க்கவில்லை.
இந்தப் பக்கம் ஒரு குழி.
அந்தப் பக்கம் ஒரு குழி.
இரண்டும் சந்திக்கவில்லை.
மணலும் தண்ணீரும் விட்டு
எத்தனை நாள் திருகினானோ, திருகினாளோ,
உள்ளே, இருட்டில்,
அரை விரற்கடை தள்ளிப்போயிருக்கிறது குறி.

சாமியில்லாக் கோயில், தண்ணியில்லா ஆறு,
ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு.
சேர்த்துக்கொள்ளுங்கள்:
துளையில்லாத் துளைக்கல்.

கோலும் நுழையாது, கயிறும் நுழையாது.
எறிந்துவிட்டிருக்க வேண்டிய கல்.
ஆனால் பன்னிரண்டில்
இது ஒன்றுதான் வழவழவென்று இருந்தது,
மற்றதெல்லாம் சொரசொரப்பு.
உதவாத கல்லை எதற்கு
இத்தனை தடவை தொட்டார்கள்?
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.
"வழிபாடு" என்று ஆரம்பித்து
அவரே நிறுத்திக்கொண்டார்.

பஸ் காசு வவுச்சருக்காக
வாசலில் காத்திருந்த பச்சையம்மாள் எட்டிப் பார்த்தார்.
"அதுவா? அது எங்கூட்டு கதவுக்கு முட்டு.
தாப்பா உடைஞ்சி இருவது வருசம்.
தெனம் ராவுல கால்ல தள்ளுவேன்.
தேயாம என்ன பண்ணும்?"

தஸ்தகீர் வாய்விட்டுச் சிரித்தார்.
வடைக்குச் சேர வேண்டிய சிரிப்பு.

நிலோஃபர் மட்டும் சிரிக்காமல்
பூதக்கண்ணாடியைக் குழிக்குள் இறக்கினார்.
"அம்மா, குழிக்கு உள்ளேயும் தேய்ந்திருக்கிறதே.
அடிவரைக்கும். இங்கே கால் எட்டாதே."

பச்சையம்மாள் கல்லை வாங்கினார்.
கட்டைவிரலை ஒரு குழியில் வைத்தார்.
நடுவிரல் தானாகவே
மறுபக்கக் குழியைத் தேடிப் போயிற்று.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.
"இது நான் இல்லீங்க" என்றார்.

மின்விசிறி சுற்றியது.
ஆறாம் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும்,
பேனா நின்ற இடத்தில் மை ஊறியது.

கல்லைத் திருப்பித்தர விதியில்லை.
"ரெண்டு நாளா கதவு அடிச்சிக்குது,
கண்ணு மூட முடியல" என்றார்.
முனிரத்தினம் அகழி ஓரம் கிடந்த
செங்கற்கள் மூன்று கொண்டுவந்து போட்டார்.
முதலாவது லேசாம். இரண்டாவது விண்டிருந்தது.
மூன்றாவதை, செருப்பைக் கழற்றிவிட்டு,
காலால் தள்ளிப் பார்த்தார்.