அறுபத்தொன்று

ஒரே ஒரு வயோலா நாற்காலி.
நூற்றுப் பதினேழு பேர்.
என் எண் அறுபத்தொன்று.

செருப்புச் சத்தம்கூட ஆளைக் காட்டிவிடுமாம்,
கம்பளம் விரித்திருந்தார்கள்.
பெயர் கிடையாது, முகம் கிடையாது.
குன்னூர்க் குளிரில் ஆறு மாதம்
விரல்நுனி வெடிக்க வெடிக்கப் பழகியது
பதினோரு வரி.
நான்காவது வரியில்
திரைக்குப் பின்னாலிருந்து ஒரு "நன்றி".

மும்பையிலிருந்து ஒன்றரை நாள் ரயில்,
மேட்டுப்பாளையத்தில் பஸ்.
திங்கட்கிழமை
மறுபடி இலை எடை போடும் கொட்டகை.
நனைந்த கொழுந்து.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறேன்.

"எதுக்குக் கழிச்சே?"
தராசை விட்டு நகராமல் நிற்கிறாள் மாதி.
சாக்கைப் பிழிந்து காட்டுகிறேன்,
கணக்குச் சொல்கிறேன்,
இன்னொரு முறையும் சொல்கிறேன்.

என் முகத்தைப் பார்த்துத்
திட்டிவிட்டுப் போகிறாள்,
கொடுத்துவைத்தவள்.