இருபத்தெட்டாயிரம்

அது பணமில்லை.
சிறு பழுதுகளுக்கு அரசாங்கக் கணக்கு வைத்த எண்.
பேனா, கையுறை, சோப்பு எல்லாம் இருபத்தேழாயிரம்.
பினாங்கு, ஜெலுத்தோங் கிளினிக்கில்
பதினோரு வருடமாக
இந்த எண்களோடுதான் குடித்தனம்.

இந்த ஆண்டு எங்கள் இருபத்தெட்டாயிரத்தில்
போட்டது ஆறாயிரத்து நூறு வெள்ளி.
தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டி
ஜூலையில் மூச்சை நிறுத்தியது.
அதை எழுப்பி உட்கார வைத்ததில்
மிச்சம் நாற்பது காசு.

ஆகஸ்டில் கூரை ஒழுகியது.
கூரைக்குக் கணக்குத் தெரியாது.

தலைமையகத்துக்கு எழுதினேன்:
இருபத்தேழில் நாலாயிரத்து முந்நூறு சும்மா கிடக்கிறது,
இருபத்தெட்டுக்கு மாற்றித் தாருங்கள்.
ஐந்து வாரம் கழித்துப் பதில்:
கூரை சிறு பழுதல்ல.
கூரை மேம்பாடு.
அது வேறு புத்தகம். அடுத்த ஆண்டு கேட்கவும்.

அக்டோபர் வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.
தொலைக்காட்சியில் அமைச்சர் எழுந்து
நூறு கோடி நூறு கோடியாக வாசித்தார்.
பாலத்துப் பக்கமிருந்து வந்த மழை
கூடத்தின் ஒரு கோடியில் சொட்டியது.
சளிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் அண்ணாந்திருந்தார்கள்,
பாதிப் பேர் திரையை,
பாதிப் பேர் கூரையை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மரியசூசை
வாளியைக் காலால் நகர்த்திச் சொட்டுக்கு நேராக வைத்துவிட்டுக் கேட்டார்:
"இதுல நம்ம வாளி எந்தப் பக்கத்துல வருது, மிஸ்?"
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் கொஞ்சம் தாமதமாக.

அவர் கட்டுவது ஒரு வெள்ளி.
அதற்கு மூன்று பிரதி ரசீது.
தாள், மை, அதை வங்கிக்குச் சுமக்கும் வண்டி,
கூட்டினால் ஒரு வெள்ளிக்கு மேல் போகிறது.
ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போட்ட கணக்கு,
யாரிடமும் காட்டவில்லை.
சிகரெட்டிலும் சாலை வரியிலும்
அவர் ஏற்கெனவே கட்டியது தனி.
ஆனாலும் அந்த ஒரு வெள்ளியை வாங்காமல் விட்டால்
மனிதர் தர்மத்துக்கு வந்தவர்போல ஓரமாக நிற்கிறார்.
வாங்கினால்
காலை நீட்டி உட்கார்ந்து
விசிறி ஏன் இப்படி நொண்டுகிறது என்கிறார்.
குறை சொல்ல ஒரு வெள்ளி.
மலிவுதான்.

ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எடுத்தவள் நான்.
இறை என்றால் வரி, எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
இறை என்றால் கூரையின் இறப்பும்தான்,
அதை அகராதியில் பார்த்தது பிறகு.
இறை வாங்கிய எந்த மன்னன் இறை வேய்ந்தான், தெரியாது.
சொல்லாவது ஒன்றாக இருந்தது.
எங்களுக்கு இரண்டு புத்தகம், மூன்று கடிதம்,
துடைப்பக்கட்டையோடு ஒப்பந்தத் துப்புரவாளர் தெய்வானை.
அவளுக்கு மிஞ்சியது இறைப்பது.

நவம்பர் கடைசியில் சுற்றறிக்கை:
செலவாகாத பணம் திரும்பிப் போகும்.
திரும்பிப் போனால் அடுத்த ஆண்டு
அந்த அளவுக்குக் குறையும்.
சேமித்தவளுக்கு அபராதம் என்று அதில் எழுதவில்லை.
நானே படித்துக்கொண்டேன்.

எனவே வாங்கினேன்.
அச்சு மை பன்னிரண்டு, தாள் நாற்பது கட்டு,
மூன்று கடையில் விலை கேட்டு
ஆகக் குறைந்த விலைக்கு
பதினான்கு வாளி.
கையெழுத்துப் போடும்போது டாக்டர் ஊய் நிமிர்ந்தார்:
"பதினான்கா?"
"பொருள்கள், டாக்டர். இருபத்தேழாயிரம்."
அவர் மேலே பார்த்தார். போட்டார்.

பிப்ரவரியில் தணிக்கையாளர் வந்து
கிடங்கில் எண்ணினார். பதின்மூன்று.
ஒன்று எங்கே என்றார்.
கூடத்துக்கு அழைத்துப் போனேன்.
முக்கால் நிறைந்திருந்தது.
குனிந்து, அதன் வயிற்றில்
அரசாங்கச் சொத்து எண்ணை ஒட்டிப் பார்த்தார்.

ஈரம்.
ஒட்டவில்லை.