பதினான்காம் எண் பெட்டி

மூன்றாம் சீசனுக்குப் பணம் வந்துவிட்டதாம்.
பாதி.
மீதி, முதல் நான்கு பாகங்களை
எத்தனை வீடுகள் பார்க்கின்றன என்று பார்த்த பிறகு.

ஊத்தான் மெலிந்தாங் கடைவரிசை,
கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி.
செம்பனை லாரி திரும்பும்போதெல்லாம்
என் திரையில் ஆந்தை ஒருமுறை நடுங்கும்.
அந்த நடுக்கத்தை நான் வரையவில்லை.

முழியன்.
எலி பிடிக்கத் தோட்டத்தில் சம்பளம் வாங்குபவன்,
எலிகளிடமே கடன்பட்டவன்.
இருபத்தாறாம் பாகத்தின் கடைசிக் காட்சியில்
பதினான்காம் எண் பெட்டியிலிருந்து பாய்ந்துவிட்டான்.
கீழே வட்டிக்கார எலி, ஓலைமேல் நிலா.
இறக்கை தூக்கிய இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.
இரண்டே வரி மின்னஞ்சல்,
அதில் ஒரு வரி நன்றி.

பிறகு நான் கல்யாணப் பத்திரிகை வரைந்தேன்.
கறித்தூள் பாக்கெட்டுக்குச் சிரிக்கும் கோழி வரைந்தேன்.
எதற்குச் சிரிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.
முழியன் கோப்புக்குள் கிடந்தான்,
இரண்டு வருடம் இறக்கை இறக்காமல்.
எனக்குத்தான் தோள் வலித்தது.

கீழ்க்கடை மொமினுல்
தமிழ் தெரியாமலே எல்லாப் பாகமும் பார்த்தவன்.
ஆந்தை திரும்பி வருதா காக்கா என்று மலாயில் கேட்டான்.
வருது, ஆனா தெரியல என்றேன்.
என் பெர்மிட்டும் அப்படித்தான் என்றான்,
திருகாணியைப் பல்லில் கடித்தபடி,
யாருடைய திரையையோ கழற்றிக்கொண்டே.

சிக்கல் ஷர்வின்.
பதினொரு வயதில் முழியனுக்குக் குரல் கொடுத்தவன்.
இப்போது பதினாலு, அரும்புமீசை.
மைக் முன் நின்று "யாருடா அது?" என்றான்.
"யாரு" வரை பழைய முழியன்.
"அது" வருவதற்குள் துருப்பிடித்த கேட் ஒன்று திறந்தது.
அவனே தலையைக் குனிந்து சிரித்தான்.
வெளியே அவன் அம்மா தேவகுஞ்சரி
மோட்டாரை அணைக்காமல் காத்திருந்தாள்.

கோலாலம்பூரில் வேறு குரல் இருக்கிறது என்கிறார்கள்.
இனிப்பான குரல்,
எந்த வயதும் ஆகாத குரல்.

முதல் சீசனிலேயே ஒரு கடிதம் வந்திருந்தது,
நான்காம் டிவிஷனிலிருந்து, பென்சிலில்:
"எங்க தோட்டத்து ஆந்தை ஊன்னு கத்தாது.
கீச்சுன்னு கிழிக்கும். படத்துல தப்பு.
இப்படிக்கு, ல. நவநீதா, ஆண்டு 3."
அன்றைக்கே சுவரில் ஒட்டிவிட்டேன்.
இப்போது ஷர்வினின் பதிவை அதற்கு எதிரே ஓடவிட்டேன்.
கீச்சென்று கிழிந்தது.

இதை விளக்கி எழுதினேன்.
பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.
கூடவே ஒரு குறிப்பு:
ஒவ்வொரு பாகமும் முடிந்ததுபோலவும் இருக்க வேண்டும்,
முடியாததுபோலவும் இருக்க வேண்டும்.
எங்கே நிறுத்தினாலும் உறுத்தக் கூடாது.

முதல் படத்தில் இறக்கை மேலே.
கடைசிப் படத்தில் கீழே.
நடுவே உள்ளதுதான் என் வேலை,
படத்துக்கு இவ்வளவு என்று கூலி.
கடைசிப் படத்தை இன்னும் யாரும் அனுப்பவில்லை.

நேற்று இரவு பெர்ணம் ஆற்றோரம்
விளக்குக் கம்பத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது.
மோட்டாரை நிறுத்தினேன்.
நறுக்கிய ஆப்பிள் போன்ற முகத்தைத் திருப்பி
என்னைப் பார்த்தது,
எந்தப் பட்டியலிலும் பேரில்லாத பார்வை.
பறந்தது. சத்தமே இல்லை.
எத்தனை படம் பிடிக்கும் என்று எண்ண
மறந்துவிட்டேன்.

இன்று காலை பழைய கோப்பைத் திறந்தேன்.
முழியனின் இறக்கையை
ஒரு விரற்கடை இறக்கினேன்.
அவ்வளவுக்குத்தான் பணம் வந்திருக்கிறது.