எர்த் குழி

சிம்மக்கல்லில் எங்கள் கடைக்கு
இரண்டு பெயர், ஒரு ஷட்டர்.
சபீர் ஜவாஹிர் சவுண்ட் சர்வீஸ்.
போன ரமலானோடு
ஜவாஹிர் ஜமாஅத்தை விட்டு விலகிவிட்டான்.
குர்ஆன் போதும் என்கிறான்.
மற்றதெல்லாம் மனிதர் சொல்லி
மனிதர் எழுதி
மனிதர் சண்டை போட்டது.
அவன் மகள் நிக்காஹுக்குத் தஃப்தர் தருவதில்லை என்று
தெருவில் ஒரு பேச்சு.

சால்டரிங் கம்பி புகைய நான் கேட்டேன்:
லுஹருக்கு நாலு ரக்அத் என்று
உனக்கு யார் சொன்னது?
அவன் தலை நிமிரவில்லை.
"சொன்னவர்களில் பாதிப் பேர்
மறுபாதியைப் பொய்யன் என்கிறார்கள்.
நாலை யாரிடம் எண்ணி வாங்குவது?"
டீ வந்தது. குடித்தோம்.

நெல்பேட்டைப் பள்ளியில்
ஆம்ப்ளிஃபையர் முனகுகிறது என்று
மோதினார் ஆள் அனுப்பினார்.
பாங்குக்கு முன்னால் அது ஒரு பாங்கு சொல்கிறதாம்.
ஜவாஹிரும் கிளம்பினான்.
தொழ வரவில்லை, ஏணி பிடிக்க வருகிறேன்.

மேலே நின்று ஹாரனைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்:
இந்தப் பாங்கு, ஒரு தோழர் கனவில் கேட்டது.
நபி அதை மெய் என்றார். பிலால் குரல் கொடுத்தார்.
தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊர்
ஐந்து வேளையும்
யாரோ தூங்கிக் கண்டதைக் கேட்கிறது.
கீழிருந்து ஜவாஹிர்:
"நல்ல கனவுதான். நான் கனவைக் குறை சொல்லவில்லையே."

வஹீ என்ற சொல்லை
எனக்குப் பக்கம் புரட்டிக் காட்டியவனே அவன்தான்.
தேனீக்கும் வந்திருக்கிறது,
மலையில் வீடு கட்டிக்கொள் என்று.
ஒத்தக்கடைக்கு வண்டி ஓட்டும்போதெல்லாம் பார்க்கிறேன்,
ஆனைமலைப் பாறையில்
கறுத்த தாடிபோலத் தொங்கும் அடைகள்.
மூசாவின் தாய்க்கும் வந்தது,
பிள்ளையை ஆற்றில் விடு என்று.
"அதற்காக
தேனீயிடம் போய்த் தலாக் சட்டம் கேட்பாயா?"
சிரித்துவிட்டேன். ஏணி ஆடியது.

அவனிடம் சொல்லாதது ஒன்று இருந்தது.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
சபுரா எழுந்து உட்கார்ந்து
வண்டியை ஆற்றிலிருந்து எடு என்றாள்.
கண் மூடித்தான் இருந்தது.
ஓபுளா படித்துறைக்குக் கீழே, காய்ந்த மணலில்,
பாக்ஸ் ஆறும் ஜெனரேட்டரும் ஏற்றியபடி வண்டி.
போய் எடுத்தேன்.
விடியும்போது வைகை
பாலத்தின் காலைக் கட்டிக்கொண்டு போனது.
அந்தத் தாய்க்கு ஆற்றில் விடு.
என் வீட்டுக்காரிக்கு ஆற்றிலிருந்து எடு.
இதற்கு என்ன பெயர் என்று
எந்த ஹஜ்ரத்திடமும் நான் கேட்கவில்லை.
வஹீ என்றால் நாக்கு வேகும்,
அந்தக் கதவு நபியோடு அடைத்தாயிற்று.
ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வேகிறது.

அன்று ஏணியில் நின்று சொல்லிவிட்டேன்.
ஜவாஹிர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அணை திறக்கிறோம் என்று
முந்தின நாள் சாயந்தரம்
கார்ப்பரேஷன் ஆட்டோ கத்திக்கொண்டு போனது.
தங்கச்சி காதில் விழுந்திருக்கும்.
மைக்செட் நம்முடையதுதான்.
வாடகை இன்னும் வரவில்லை."

ஆம்ப்ளிஃபையரில் கோளாறில்லை.
எர்த் செத்திருந்தது.
பள்ளிக்குப் பின்னால்
ஒளுத் தண்ணீர் எட்டாத மூலையில் தோண்டினோம்.
கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு,
குடம் குடமாகத் தண்ணீர்.
மண் சத்தம் போட்டுக் குடித்தது.
"இதற்கும் வரும்" என்றான், கையைத் தட்டிக்கொண்டு.
"கடைசி நாளில்.
தன்மேல் நடந்ததையெல்லாம் பூமி சொல்லும்,
ரப்பு அதற்கு அறிவித்துவிட்டதால்."
அதுவரை அது காது கொடுக்காமலா இருக்கும்?
கேட்க வாய் வந்தது. மண்வெட்டியைக் கழுவினேன்.

முனகல் போயிருந்தது.
யாராவது பேசிப் பார்க்க வேண்டும்.
மோதினார் ஒளுவில் இருந்தார்.
என் கையெல்லாம் கரி.
ஜவாஹிர் மைக்கைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்
ஒரு சொல்லும் சொல்லாமல்
மூச்சை மட்டும் விட்டான்.

நெல்பேட்டை முழுக்கக் கேட்டது.