வெறுவாய்

செவ்வாயோ வெறுவாயோ.
குரோனிங்கன் ரயில் நிலையத்துக்கு அடியில்
பத்தாயிரம் சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும் கூடத்தில்
காலை ஆறு மணிக்கு
ஒன்றுமில்லாததை மென்றுகொண்டு நிற்கிறேன்.
கடைவாய்ப் பற்கள் இரண்டு தேய்ந்துவிட்டன.
"தூக்கத்தில் பல்லை நறநறப்பீர்களா, ரென்ஸ்கெ?"
பல்வைத்தியர் கேட்டார்.
இல்லை, ஆட்டத்தில், என்றேன்.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டு வயது. மூடிக்கிடந்த சர்க்கரை ஆலை.
இளஞ்சிவப்பு மாத்திரை, நடுவில் ஆந்தை.
முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு யாரோ
முதுகுத்தண்டின் அடியிலிருந்து
விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டபடி
மேலே ஏறி வந்தார்கள்.
முன்பின் தெரியாத ஒருத்தியின்
ஈரத் தலைமுடியை விடியும்வரை பின்னிவிட்டேன்.
ஃபென்னா.
இன்றைக்கும் தோழி.
அதுவாவது ரசாயனம் இல்லை என்று நம்ப ஆசை.

அப்புறம் வெள்ளி போதாமல் சனி,
சனி போதாமல் ஞாயிறு.
ஆந்தை போய் நங்கூரம் வந்தது.
ஒன்று இருந்த இடத்தில் மூன்று, ஐந்து.
ஏறி வந்தவர்கள் இடுப்போடு நின்றுவிட்டார்கள்.
"இப்போ வர்றதெல்லாம் கலப்படம்" என்றோம்.
சோதனை மையத்தில் கொடுத்தோம்.
சுத்தம், என்றார்கள்,
போன வருஷத்தைவிட வீரியம் அதிகம்.
அன்றைக்குத்தான் தெரிந்தது,
கலப்படம் நான்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
நான் அகப்பையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஹுக்ஸ்த்ரா நேர்மையானவர்,
அதனாலேயே பிடிக்கவில்லை.
நரம்பின் நுனியை வரைந்தார்.
அதில் சின்னச் சின்ன வாயில்கள்.
சிலவற்றைப் பென்சிலால் அடித்தார்.
"திரும்பி வருமா?"
"நிறைய வரும். மாதங்களா, வருஷங்களா,
எனக்குத் தெரியாது.
பழைய மாதிரியே வரும் என்றும்
யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்."
"நான் என்ன செய்யணும்?"
"தூங்குங்கள். வேலைக்குப் போங்கள்."
இதைக் கேட்க
எதிர்காற்றில் நாற்பது நிமிஷம் மிதித்து வந்திருந்தேன்.

தூங்கினேன். வேலைக்குப் போனேன்.
சாவியை ஃப்ரிட்ஜில் கண்டெடுத்தேன்.
'வடிகட்டி' என்ற சொல் வாரக்கணக்கில் வரவில்லை,
கையால் காட்டி வாங்கினேன்.
இரண்டு வருஷம் ஒன்றும் தொடவில்லை.

ஃபென்னாவின் நாற்பதாவது பிறந்தநாளில்
உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்,
"உனக்கென்று எடுத்து வைத்தது."
காலியாகக் கிடந்த நிலத்தில்
இந்நேரம் என்னமோ முளைத்திருக்கும் என்று
நானும் நினைத்தேன். போட்டுக்கொண்டேன்.
காதோரம் லேசாக வியர்த்தது.
யாரும் ஏறி வரவில்லை.
தாடை மட்டும்
பழைய விசுவாசத்தோடு வேலையைத் தொடங்கியது,
குடிபோன வீட்டில்
அழைப்புமணி மட்டும் அடிப்பதுபோல.
எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது
நான் தட்டுக் கழுவினேன்.
நான்கு மணிக்கு அவள் வந்து,
பேசாமல்,
பின்னாலிருந்து என் முடியைப் பின்ன ஆரம்பித்தாள்.
முடி முடியாகத்தான் இருந்தது.
மெதுவா, வலிக்குது, என்றேன்.

இதெல்லாம் போன நவம்பர்.

இன்றைக்கு யெல்மரோடு
கேட்பாரற்ற சைக்கிள்களுக்குச் சீட்டுக் கட்டுகிறேன்.
இருபத்தெட்டு நாள் தாண்டினால் கிடங்குக்கு.
கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் மணியையும்
ஒருமுறை அடிப்பான் யெல்மர்.
ஏன் என்று கேட்டதில்லை.
ஏழாவதோ எட்டாவதோ,
பச்சை நிறம், பின்னால் குழந்தை இருக்கை,
மணியை அழுத்தினால்
வாத்து.
அவன் மறுபடி அழுத்தினான், மிகவும் தீவிரமான முகத்தோடு.
கூடம் முழுக்க வாத்து.
எங்கோ அடிவயிற்றில் கிளம்பி
மூக்கு வழியாக வெளியே வந்தது சிரிப்பு.
நான்கு விநாடி இருக்கும்.
ஐந்தும் இருக்கலாம்.
பிறகுதான் கவனித்தேன்,
வாய் திறந்திருந்தது.
எதையும் மெல்லவில்லை.

போனது திரும்பியதா, இது வேறொன்றா,
ஹுக்ஸ்த்ராவைக் கேட்டால்
தெரியாது என்பார்.
அடுத்ததற்குப் போனேன்.
அதன் மணி துருப்பிடித்திருந்தது.
நானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.