மற்றவை

ஆளுக்கு ஓர் அழுத்து.
கட்டைவிரலுக்கடியில் டிக்கென்று ஒரு சத்தம்,
அவ்வளவுதான் வேலை.
நகராட்சி கொடுத்தது: மடக்கு நாற்காலி,
எண்ணும் கருவி, பச்சை அங்கி,
நான்கு கட்டம் போட்ட தாள்.
நடப்பவர். நிற்பவர். உட்கார்ந்திருப்பவர். மற்றவை.
எட்டு நாள். நாளுக்கு ஆறு மணி நேரம்.
கார்களை விரட்டிவிட்டுக் கல் பாவிய சதுக்கத்தை
டிரானா ஜனங்கள் என்னதான் செய்கிறார்கள் என்று
மேலிடத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

காலையில் சுலபம்.
வங்கிக்குப் போகிறவர்கள் கோடு போட்டதுபோல் போகிறார்கள்.
காபித் தட்டை ஏந்தியபடி எர்மால் குறுக்கே ஓடுகிறான்
(ஓடுபவருக்குக் கட்டமில்லை, நடப்பவரில் போட்டேன்).
பத்தரைக்கு ஒருவர் மெத்தை சுமந்து வந்தார்.
இரட்டை மெத்தை, ஒற்றை ஆள்.
நட்டநடுவில் அதை நிமிர்த்தி வைத்து
அதன் நிழலில் சிகரெட் பிடித்தார்.
நிழலைப் பார்த்து இன்னும் இருவர் வந்து ஒண்டினார்கள்.
நிற்பவர்: மூன்று.
சிகரெட் தீர்ந்ததும்
ஆளுக்கொரு முனை பிடித்து மூவருமாகப் போனார்கள்.
யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை.

கார்களுக்குத்தான் தடை,
பேட்டரிப் பொம்மைக் கார்களுக்கு இல்லை.
பத்து நிமிடம் இருநூறு லெக்.
நாலு வயது ஓட்டுநர்கள் முட்டி மோதி
ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள்,
அப்பாக்களின் அதே வார்த்தைகளால்.

தெற்கு மூலையில் பர்தில் வருவார்,
முன்பு டாக்சி ஓட்டியவர்.
சிக்னல் கம்பம் இருந்த இடத்தில் நிற்பார்.
கம்பமும் இல்லை, சாலையும் இல்லை.
இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார்,
எதுவோ ஒன்று கடந்துபோக வழிவிடுவார்,
பிறகுதான் கல்லில் கால் வைப்பார்.
முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது.
மூன்றாம் நாள் கவனித்தேன்:
நாற்பதைத் தாண்டிய பலரும்
அங்கே அரைக் கணம் தயங்கியே போகிறார்கள்.
தயக்கத்துக்குக் கட்டமில்லை.

சாயங்காலம் கருவி திணறும்.
ஜிரோ என்பார்கள் இங்கே மாலை நடையை.
எங்கும் போய்ச் சேராத நடை,
பேருக்கேற்ற பூஜ்யம், சுற்றிச் சுற்றி.
சாம்பல் கோட்டு தம்பதியை நான் ஏழு முறை எண்ணியிருக்கிறேன்.
ஐந்தாம் சுற்றில் சண்டை. ஆறாவதில் தனித்தனியாக.
ஏழாவதில் எதிரெதிரே வந்து
அறிமுகமானவர்கள்போல் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள், மதியம்.
கல்லிடுக்கில் தண்ணீர் கசியும் இடத்துக்கு
ஒரு பெண் வந்தாள்.
ஆஸ்பத்திரி துப்புரவுச் சீருடை,
சட்டையில் பெயர்: ஃப்ளுதுரா.
செருப்பைக் கழற்றினாள், ஈரத்தில் பாதம் வைத்தாள்,
பிறகு, அதுதான் செய்ய வேண்டிய காரியம் என்பதுபோல்,
மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டாள்.
கூட்டம் பிரிந்து இருபுறமும் போய்
அவள் தலைமாட்டில் மறுபடி கூடிற்று.
மற்றவை: ஒன்று.

போலீஸ்காரர் வந்தார்.
குனிந்தார், எழுப்பப் போனார்.
நான் எழுந்து நின்றேன், பச்சை அங்கியோடு:
"கணக்கில் இருக்கிறார்.
கணக்கெடுப்பு முடியும்வரை நகர்த்தக் கூடாது."
அப்படி ஒரு விதி இல்லை.
தாளைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார்.
"எவ்வளவு நேரம்?"
"நாற்பது நிமிடம்" என்றேன்.
வாழ்க்கையில் முதல்முறையாக
என் சொல்லை ஒரு சீருடை கேட்டது.
அவர் அங்கேயே நின்றார், காவலாக.
நிற்பவர்: ஒன்று.

எட்டாம் நாள் மேற்பார்வையாளர் ஜென்டி
கூட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.
"மற்றவை இவ்வளவா? யார் இவர்களெல்லாம்?"
மெத்தையிலிருந்து ஆரம்பித்தேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"உட்கார்ந்திருப்பவரில் சேர்த்துவிடுவோம்" என்று
சேர்த்தும்விட்டார்.
அங்கி, நாற்காலி, கருவி மூன்றையும் வாங்கிக்கொண்டு
கையெழுத்துப் போடச் சொன்னார்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் பர்தில்.
"என்னை எதில் போட்டாய்?"
"நடப்பவரில்."
"நிற்பவரிலும் போடு, மகளே.
அந்தச் சிவப்புக்கு
இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறேன்."

கையில் கருவி இல்லை.
வாயாலேயே டிக் என்றேன்.