சிவப்பு அம்பு

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. பதினேழாம் நம்பர் துண்டு.
மாங்குளத்திலிருந்து முதல் பஸ்.
அரைநாள் சம்பளம் வெட்டு.

செங்கமாரி என்று நினைத்து
கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்தேன்.
கண்ணில் மஞ்சள் இறங்கவேயில்லை.
யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி
ஈரலில் நூலளவு கிள்ளி எடுத்தார்கள்.

டொக்டர் இனோகா தமிழ் படிக்கத் தொடங்கி எட்டு மாதம்.
துண்டின் பின்பக்கம் ஒரு வட்டம் கீறி
"இது உங்கட ஈரல். இதுக்குள்ள
ஆமி இருக்கு" என்றா.
நேர்ஸ் யன்னலைப் பார்த்தா.
நான் சுவரில் இருந்த நுளம்புப் படத்தைப் பார்த்தேன்.
"நல்ல ஆமி" என்று அவசரமாய்ச் சேர்த்து
அதுவும் சரிவராமல்
பேனையை மூடி, திறந்து, மூடினா.

பாவமாய் இருந்தது.
"மிஸ், நான் கார்மென்ட்ஸில் கியூ.சி.
விளங்குது."

தையல் பிரிந்தால், கறை பட்டால்
சிவப்பு அம்பு ஒட்டுவது என் வேலை.
மணிக்கு நூற்றிருபது சட்டை.
ஒட்டாமல் விட்டால் ஏச்சு;
ஒட்டினதுக்கு ஒருநாளும் ஏச்சில்லை.
இராவேலையில், கண் எரிய எரிய
நல்ல சட்டைக்கும் அம்பு ஒட்டியிருக்கிறேன்.
நான் ஒட்டினால் அடுத்த மேசையும் ஒட்டும்.

"அதுதான்! அதுதான்!"
ஈரலின் வாசலில் வெள்ளைக் கலங்கள்
குவிந்துபோய் நிற்குதாம்.
குடலால் வரும் ஊத்தையைத் தின்று
இரத்தம் துப்புரவாக்க
அங்கேயே குடியிருப்பவையும்
குழம்பிப்போய்க் கூடச் சேருதாம்.
செத்த இடமெல்லாம் இழை போட
இன்னொரு கூட்டம்:
தைத்ததின் மேலேயே தைத்து, தைத்து
துணி மொத்தமாகி
இனி மடியாது.

ஏன் தொடங்கினது என்று கேட்டேன்.
"தெரியாது."
அது மட்டும் பிசகில்லாத தமிழ்.

காலமை எட்டுக் குளிசை, காவல் கண்ணயர.
முகம் ஊதிவிட்டது. கேற்றில் செக்குரிட்டி
அட்டையில் இருப்பவளையும் என்னையும்
இரண்டு தரம் பார்க்கிறான்.
நானூற்றுப் பன்னிரண்டு
அறுபத்தெட்டுக்கு இறங்கியிருக்காம்.
ஆனால் ஒரு தடிமன் வந்தால்
மாதம் முழுக்க விடுவதில்லை.

பின்னேரம், ஏழாம் லைன்.
ஒரு நீலச் சட்டை.
விரல் நுனியில் உரித்த அம்பு
ஒட்டிக்கொண்டு நிற்க
டியூப் லைட்டில் பிடித்துப் பார்க்கிறேன்.
குறை ஒன்றுமில்லை.
சுப்பர்வைசர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
இன்னொருக்கால் பார்க்கிறேன்.